வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நல்லேப்பிள்ளி ரோட்டில் சமது ஸ்டோர்ஸ் எங்கே என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கை காட்டும். தலைச்சுமையாக வற்றல் மிளகாய் விற்றவன், பலசரக்குக் கடை, குடோன், இரண்டு வண்டி என்று வளர்ந்தேன். ஒருவன் தயவும் இல்லை. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் தம்பி மகள் நஜ்மாவைப் பற்றி. என்னைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. அதில் பாதி நான் செய்த காரியம்.

தம்பி மவுத்தான பிறகு அவளும் அவள் அம்மா கௌலத்தும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவளை எம்.காம். வரை படிக்க வைத்தேன். எங்கள் ஜமாஅத்தில் அந்தப் படிப்பு படித்த முதல் பெண் அவள். வந்த வரன்களையெல்லாம் “வேலை கிடைக்கட்டுமுங்க” என்று தள்ளித் தள்ளி முப்பத்துநாலு வயதாகிவிட்டது.

படிப்பு முடிந்த ஜூன் மாதமே எங்கள் கேரளத்துச் சித்தூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பேரைப் பதிந்தாள். அங்கே பதிந்த தேதிதான் எல்லாம். முன்னால் பதிந்தவருக்கு முதலில் அழைப்பு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் வரிசையில் கடைசி ஆள். வீட்டுக் காகிதங்கள் எல்லாம் என் இரும்புப் பெட்டியில் இருப்பதால் புதுப்பிக்கப் போவதும் நான்தான். மூன்று தடவை போயிருக்கிறேன். இந்த ஜூனில் குடோனுக்குக் கூரை போடுகிற வேலை. இரண்டு மாதம் தவணை உண்டே என்று தள்ளிப் போட்டேன்.

ஜூலையில் ஜிபி வந்தாள். வேலை நிலவரக் கணக்கெடுப்புக்காகக் கையில் டேப்லெட்டோடு வீடு வீடாக ஏறுகிற மலையாளிப் பெண். தொடர்ந்து நாலு மாதம் வருவாளாம். யார் பேரும் வெளியே போகாது என்று முதலிலேயே சொன்னாள்.

“இக்கா, கழிஞ்ச ஏழு நாள்ல இந்த வீட்ல ஒவ்வொருத்தரும் என்ன வேலை செஞ்சாங்கன்னு சொல்லணும்.”

நான், மகன் ஃபிரோஸ், என்று வரிசையாகச் சொன்னேன். கௌலத்துக்கு வீட்டு வேலை என்றேன்.

“சமையல், துணி துவைக்கிறதெல்லாம் இந்தக் கணக்குல வேலை ஆகாது, இக்கா.”

அடுக்களையிலிருந்து கௌலத்தின் குரல் வந்தது. “அப்ப பதினோரு பேருக்குப் பொங்கிப் போடறது ஆருங்க, ஜின்னுங்களா?”

ஜிபி சிரித்துவிட்டு நஜ்மாவைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். “இவ நம்ம கடையில. என் ஊட்டுல சும்மா இருக்கற ஆளே இல்ல, எழுதிக்கோ.”

“வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்தானுங்க, பெரியத்தா” என்றாள் நஜ்மா என்னிடம்.

அது வேறொன்றுமில்லை. ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசல் போகிற நேரம் ரோட்டில் எங்கள் ஆட்கள் கடை எல்லாம் ஷட்டரை இறக்கும். நான் இறக்கியதில்லை. நஜ்மாவைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் போவேன். அந்த யோசனை எனக்கு மட்டும்தான் தோன்றியது.

“சம்பளம் உண்டா?”

“ஊட்டுப் புள்ளைக்கு என்ன சம்பளம்?”

“சம்பளம் இல்லேன்னாலும் சாரமில்ல, பரவால்ல. ஏழு நாள்ல ஒரு மணிக்கூர் சொந்தக் கடையில உக்காந்தாலும் வேலை உள்ள ஆள்தான்.”

“நான் பன்னெண்டு வருஷமா வேலை தேடிட்டு இருக்கறனுங்க. அத எழுத மாட்டீங்களா?” என்றாள் நஜ்மா.

“ஒரு மணிக்கூர் வேலை வந்தா அதுதான் முன்னாடி நிக்கும், சேச்சி.”

பிறகு ஜிபி எனக்கு விளக்கினாள். வேலை செய்கிறவர்களையும் தேடுகிறவர்களையும் சேர்த்து நூறு பேர் என்று வைத்தால், அதில் வேலை கிடைக்காதவர் எத்தனை பேரோ அதுதான் பேப்பரில் வருகிற வேலையில்லாதோர் சதவீதம். தேடாதவர் அந்த நூறிலேயே இல்லை. வியாபாரிக்கு இது புரியாதா? தட்டில் ஏறாத மூட்டைக்கு எடை கிடையாது.

“உனக்கு இந்த வேலை பெர்மனென்டா?” என்று கேட்டேன்.

“கான்ட்ராக்ட், இக்கா. மார்ச்சோட தீரும். அப்புறம் என்னை யாராவது வந்து எண்ணுவாங்க.”

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன்: “என் ஊட்டுல வேலையில்லாத ஆள் ஒண்ணுகூட இல்ல. சர்க்காரே எழுதிட்டுப் போயிருக்கு.”

மறுநாள் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன். ஒரே சர்க்காரிடம் ஒரு காகிதத்தில் வேலை உண்டு என்றும் இன்னொன்றில் இல்லை என்றும் சொன்னால் கடை லைசென்ஸுக்கே கேடு வருமே என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. ஊரறியச் சொல்லிவிட்டு வேலையில்லாதவர் வரிசையில் போய் நிற்க வெட்கம். அட்டையைப் பற்றி நஜ்மா கேட்டபோது “பெரியத்தா பாத்துக்குவேன்” என்றேன். ஆகிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் விட்டேன். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஜிபி வந்தபோது அதே பதிலை நானே சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் முதல் வாரம், நஜ்மாவோடு படித்த நிமிக்கு அழைப்பு வந்தது. சர்க்கார் ஆபீஸில் ஆறு மாதக் கிளார்க் வேலை. நிமி இவளுக்கு நாலு மாதம் பின்னால் பதிந்தவள். நஜ்மா பஸ் ஏறிச் சித்தூர் போய்விட்டு, உச்சி வெயிலில் நேராகக் கடைக்கு வந்தாள்.

“அட்டையப் புதுக்கவே இல்லையாமுங்க. ஆகஸ்டோட பேர் போயிருச்சாம்.”

ஜிபி எழுதியதைச் சொன்னேன், லைசென்ஸைச் சொன்னேன்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஆபீசர் சொல்றாருங்க. கணக்கெடுக்கறவங்க எத்தன பேருன்னுதான் எண்ணறாங்க, ஆருன்னு பாக்கறதில்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே, பெரியத்தா.”

சித்தூர் சந்தையில் என்னைப் பேச்சில் ஜெயித்தவன் இல்லை. அன்று கையிலிருந்த துவரம்பருப்பை இரண்டு தடவை நிறுத்தேன். மறுநாள் நானே அந்த அலுவலகம் போய், நான் யார், எத்தனை வருடக் கடை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மனு கொடுங்கள், மேலிடம் பார்க்கும், அதுவரை புதிதாகப் பதியட்டும் என்றார்கள். என் பேர் அந்த மேஜையில் செல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கல்லாவுக்கு நஜ்மா வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போனேன். அடுத்த வெள்ளியும் அப்படியே.

அதன் பிறகு ஜிபி கடைசித் தடவையாக வந்தாள். நஜ்மா முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் தள்ளி நின்றேன்.

“கழிஞ்ச ஏழு நாள்ல ஒரு மணிக்கூராவது?”

“இல்லைங்க. ரெண்டு வெள்ளியா கடைக்குப் போறதில்லைங்க.”

“வேலை தேடறீங்களா?”

“தேடறனுங்க.”

“எத்தனை காலமா வேலை இல்லாம இருக்கீங்க?”

“பன்னெண்டு வருஷம்.”

ஜிபி விரலைத் திரையில் வைத்தபடி தயங்கினாள். “சேச்சி, போன மாசம் வரைக்கும் வேலை உண்டுன்னுதான் கிடக்கு. இப்ப ரெண்டு வாரம்னுதான் போட முடியும்.”

“பன்னெண்டுன்னு எழுதும்மா. அன்னிக்குச் சொன்னது நான், தப்பு என்னோடது” என்றேன். வீட்டில் யாரும் என் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

ஜிபி தலையை ஆட்டினாள். மூன்று மாதக் கணக்கும் மேலே போய்விட்டதாம்.

“ரெண்டு வாரம்னே போடுங்க” என்றாள் நஜ்மா. “புது அட்டையிலயும் பதிஞ்சு ரெண்டு வாரம்தான்.”

ஜிபி போன பிறகு, நஜ்மா புதிதாகப் பதிந்து வாங்கிய அட்டை மேஜைமேல் கிடந்தது. இரும்புப் பெட்டிச் சாவியை மடியிலிருந்து எடுத்தேன். “உள்ள வெச்சிரட்டா, கண்ணு?”

“வேண்டாமுங்க பெரியத்தா. எங்கிட்டயே இருக்கட்டும்” என்று அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.