பன்னீர் சோடா குடித்த குற்றம்

“ஊதுடா.”

இஷாக் ஊதினார். ஏட்டு கருப்பணன் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் இழுத்தார். பன்னீர் சோடா மணந்தது.

“குடிக்காம பார்ல என்னா வேல ஒனக்கு?”

ஞாயிற்றுக்கிழமை மதியம். பழனி ரோட்டு டாஸ்மாக் பாரில் நல்ல கூட்டம். இரண்டு லாரி டிரைவர்கள் கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தம் கொடுத்து, நீ இல்லாமல் நான் இல்லை என்று அழுதுகொண்டிருந்தார்கள். ஏட்டுக்கு அவர்கள்மேல் சந்தேகம் இல்லை. அவர்கள் குடித்திருந்தார்கள். மூலை மேசையில் இஷாக்கும் சேர்ந்து நான்கு பேர் யாரையும் தொடாமல், சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்ததுதான் அவர் கண்ணை உறுத்தியது.

இஷாக்குக்கு நாற்பத்தாறு வயது. பேகம்பூர்க்காரர், தோல் மண்டியில் எடை போடுகிறவர். மது ஹராம், தொட்டதில்லை. ஆனால் திண்டுக்கல்லில் ஓர் ஆண் இன்னோர் ஆணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார, காரணம் கேட்காத இடம் பார் ஒன்றுதான். தோல் வாடைக்குப் பயந்து யாரும் பெண் தரவில்லை என்று அக்கா நஜ்முன்னிசா ஊருக்குச் சொல்லியிருந்தார். அதே மண்டியில் மற்ற எல்லோருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதை யாரும் அக்காவிடம் கேட்கவில்லை.

ஏட்டு அவ்வப்போது வருவார். ஆணும் ஆணும் விரும்புவதற்கு இப்போது சட்டத்தில் பிரிவு கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அதனால் பிரிவைப் பற்றிப் பேச மாட்டார். வீட்டுப் போன் நம்பர் கேட்பார். அது போதும், கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு மூலை மேசை கலைந்துவிடும்.

இன்று ரொனால்டின் போன் அவர் கையில் இருந்தது. ரொனால்டு சின்னாளபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஏழு வருடமாக இஷாக்குக்கு எதிர் நாற்காலி.

“இதுல ஹெட்மாஸ்டர்னு ஒருத்தர் இருக்காரே, அவருக்கே அடிப்பமா வாத்தியாரே?”

ரொனால்டு போனுக்குக் கை நீட்டினார். வேலை போய்விடும்.

“ஏட்டையா, மொதல்ல எங்க வீட்டுக்குப் பேசுங்க.” இஷாக் தன் போனில் அக்காவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. ஏட்டு தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, ஒங்க தம்பியப் பார்ல புடிச்சு வச்சிருக்கோம்.”

“யா அல்லா! குடிச்சிருக்கானா?”

“இல்ல... குடிக்கல.”

“நல்லா மோந்து பாத்தீங்களா?”

“பாத்தேம்மா. சோடாதேன்.”

“அப்ப என்னாத்துக்குப் புடிச்சீங்க?”

டிரைவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். ஏட்டு குரலைத் தாழ்த்தினார்.

“ஆம்பளைக கூட உக்காந்திருக்காம்மா.”

“பார்ல பின்ன பொம்பளைக கூடயா உக்காருவான்?”

பார் முழுக்கச் சிரிப்பு. “ஏட்டையா, நாங்களும் ஆம்பளைகதேன். எங்க வீட்டுக்கும் ஒரு போனப் போடுங்க!” என்றார் ஒரு டிரைவர், மற்றவர் தோளிலிருந்து கையை எடுக்காமல்.

“இது வேற மாதிரிம்மா.”

“என்னா மாதிரி? வெளங்கச் சொல்லுங்க.”

மூலை மேசையில் ஏட்டு அள்ளி வீசும் வார்த்தைகள் ஏராளம். குடும்பப் பெண்ணிடம் சொல்லக்கூடியது அவற்றில் ஒன்றுகூட இல்லை. ரொனால்டின் போனை மேசையில் வைத்தார்.

“அவன அனுப்புங்க, சோறு ஆறுது,” என்றார் அக்கா. “அந்த வாத்தியாரையும் சேத்து.”

வாத்தியாரைப் பற்றி இஷாக் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ரொனால்டு ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினார். இஷாக் ஆட்டுத்தோல் எடை போட்டார். பார்க்காரர் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்: ‘மது அருந்தாதவர்கள் உள்ளே அமரக் கூடாது.’ சாயங்காலம் அந்த வழியாகப் போன இஷாக் அதைப் படித்தார். பக்கத்துக் கடையில் ஒரு பீர் வாங்கி, கைக்குட்டையால் பிடித்துக்கொண்டுவந்து, திறக்காமல் மூலை மேசையில் வைத்தார். பிறகு ஒரு பன்னீர் சோடா கேட்டார்.