காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு

அந்தப் பொடி நாக்கில் பட்டதும் லேசாக இனித்தது...

மூக்கு, கன்னம், புதுத் துப்பட்டா எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்மிடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி ஹால். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற ஃபார்மசிஸ்ட்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் டிரெய்னிங். மதியம் பிரியாணி என்று சொன்னதால்தான் பாதிப் பேர் வந்திருந்தோம், பொய் சொல்லக் கூடாது.

டிரெய்னர் சேலத்துக்காரர், என் வயசுப் பெண்தான். வீசிங்குக்குக் கொடுக்கிற இன்ஹேலர் டப்பா ஆளுக்கு ஒன்று, மருந்தில்லாத கேப்ஸ்யூல் ஒன்று. பேஷண்ட் மாதிரி உபயோகித்துக் காட்டுங்கள் என்றார். கேப்ஸ்யூலை டப்பாவில் போட்டு, முறுக்கி உடைத்து, பொடியை வாயால் உள்ளே இழுக்க வேண்டும். இழுக்க வேண்டிய இடத்தில் முக்கால்வாசிப் பேர் ஊதினோம்!

தினமும் விற்கிற சாமான். ஒருத்தருக்கும் உபயோகிக்கத் தெரியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். நிறைய பேர் இந்த கேப்ஸ்யூலைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிடுகிறார்களாம். நெஞ்சுக்குப் போக வேண்டிய மருந்து வயிற்றுக்குப் போய்விடும், மூச்சுத்திணறல் அப்படியே இருக்கும். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. மாதையன் ஞாபகம் வந்துவிட்டது.

டி.ஃபார்ம் முடித்து மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மெடிக்கலில் நான் வேலை பார்த்த காலம் அது. மாதையன் பக்கத்துக் கிராமத்து விவசாயி. ஒன்றரை ஏக்கர் மஞ்சள். ஐந்து மாதமாக எங்களிடம்தான் கேப்ஸ்யூல் வாங்கினார். முதல் நாள் டாக்டர் சீட்டோடு வந்தபோது கேப்ஸ்யூலையும் டப்பாவையும் கவரில் போட்டுக் கொடுத்து, எல்லா மாத்திரைக்கும் சொல்வதையே இதற்கும் சொன்னேன். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். டாக்டர் காட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன். கடையில் காட்டுவார்கள் என்று டாக்டர் நினைத்திருப்பார்.

டிரெய்னிங்குக்கு முந்தின மாதம் வந்தவர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "ஒரு வரப்புத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குது கண்ணு. இந்த மாசமும் இப்பிடியே இருந்தா காட்ட வாரத்துக்கு வுட்ற வேண்டிதுதான்." விளைவதில் பாதி என்று பேசி, நிலத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவதைத்தான் வாரம் என்பார்கள். அவர் உடம்பு நன்றாக இருந்தவரை அந்தக் காட்டில் வேறு ஆள் ஏர் ஓட்டியதே இல்லையாம்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக, மாதையனும் விழுங்கிக்கொண்டுதான் இருப்பார், போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் பயந்துவிட்டார். "சனிக்கெழம அவரே வருவாருல்ல, வர்றப்ப சொல்லிக்கலாம்மா. வூடு தேடிப் போயி தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா கடைப் பேரு என்னாவறது?"

மாதையன் ஊருக்கு டவுன் பஸ் உண்டு. அரை மணி நேரம்கூட ஆகாது. சரி என்று தலையாட்டினேன். அண்ணன் மேல் பழி போட்டு என்ன பிரயோஜனம்... கடைப் பேரைவிட என் பேர்மேல்தான் எனக்குப் பயம்.

சனிக்கிழமை வந்தார். எப்படிப் போடுகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். ஒரு கேப்ஸ்யூலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

டப்பா எங்கே என்று கேட்டேன். "அத பேரன் விசிலுன்னு ஊதிகிட்டு கெடக்கறான் கண்ணு."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "தப்பு என்னுதுங்க. மொத நாளே நான் காட்டியிருக்கணும்" என்றேன்.

புது டப்பா எடுத்துக் காட்டினேன். முதல் தடவை ஊதினார், எங்களை மாதிரியே. மூன்றாவது தடவை சரியாக இழுத்தார். இழுத்த மூச்சை அடக்கி, மெல்ல விட்டு, ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கோபப்படவே இல்லை.

"வியாழக்கெழமதான் கண்ணு காட்ட வாரத்துக்கு வுட்டு வெத்தல பாக்கு மாத்துனோம். ஒரு வெள்ளாமைக்குப் பேசியாச்சு. சொன்ன சொல்ல மாத்தக் கூடாதுல்ல..."

ஒரே மாதத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கும் நிற்காமல் கடைக்கு நடந்து வந்தார். மூச்சு திரும்பிவிட்டது, காடு கையில் இல்லை. மஞ்சள் பத்து மாதப் பயிர். மாதா மாதம் வரும்போது மஞ்சள் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். வாரத்துக்கு எடுத்தவன் நல்லாத்தான் பாக்கறான் என்பார். அடுத்த வருசம் அவரே நட்டார்... அதுவரைக்கும் நான் நிம்மதியாக இல்லை.

இப்போது தர்மபுரியில் ஒரு கடையில் நான் சீனியர். இரண்டு பெண்கள் என்னிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள். அன்றைக்கு மண்டபத்தில் நாங்கள் தெரிந்துகொண்டதை இவர்கள் போனில் வீடியோ பார்த்தே கற்றுவிடுகிறார்கள், எங்களைவிடக் கெட்டிக்காரிகள். ஆனால் கவுண்டரில் கையூன்றி நிற்க ஆள்தான் குறைந்துபோச்சு. ஆர்டர் போட்டால் மருந்து வாசலுக்கே போய்விடுகிறது. மாதையனுக்குக்கூட ஓசூரில் இருக்கிற மகன்தான் போனில் போட்டு அனுப்புகிறானாம். செய்து காட்டச் சொல்லி அங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

எங்கள் கடையில் புதிதாக இன்ஹேலர் வாங்கினவர் பதினைந்து நாளில் கண்ணில் படாவிட்டால் போன் போடுவேன். எடுக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவேன். போன வாரம் இண்டூர் வரைக்கும் போய் வந்ததைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் டிரெய்னிங்கில் சொல்லித் தரவில்லையே அக்கா என்று அந்தப் பெண்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்துவைத்தேன். ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறாமல் கவுண்டரிலேயே நின்றுவிட்டேன் என்று அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.