சென்சார் இளவரசி

எங்கள் வகுப்பில் இளவரசிக்கு வைத்த பட்டப்பெயர் சென்சார் இளவரசி. வைத்தவன் நான்தான். அன்று வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு என் நோட்டை வாங்கி, நான் எழுதாமல் விட்ட இரண்டு சட்டப் பிரிவுகளை எழுதிக் கொடுத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கேலி செய்தவனுக்கு உதவி செய்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

நான் சரத்குமார், ஓரிக்கைக்காரன். அப்பா நெல் போடுகிறார், நான் கேமரா பிடிக்கிறேன். இளவரசிக்குப் பிள்ளையார்பாளையம். வீட்டில் இரண்டு தறி. தறிச் சத்தம் இல்லாத இடத்தில் தனக்குத் தூக்கம் வராது என்பாள். காஞ்சிபுரத்தில் மூன்று வருடம் ஒன்றாக விஸ்காம் படித்தோம். கேமரா வகுப்பு என்றால் எல்லோரும் முந்தியடித்துக்கொண்டு ஓடுவோம். ஊடகச் சட்டம் என்று ஒரு பாடம் இருந்தது. அதற்கு ஓடிய ஒரே ஆள் அவள். தியேட்டரில் ஓட என்ன சான்றிதழ், கேபிள் டிவிக்கு என்ன நெறிமுறை, இணையத்தில் போடுகிறவன் தன் படத்துக்குத் தானே எப்படி வயது வரம்பு போட வேண்டும், அடுத்தவன் மெட்டை எடுத்தால் என்ன ஆகும், எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எங்களுக்கோ அந்த வகுப்பு சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கம்.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். “உனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? வக்கீலுக்கா படிக்கிற?”

“கேமரான்றது அடுத்தவங்க மூஞ்சிய எடுத்துக்கினு போற மெஷின் பா. எடுத்துக்கினு போறவங்க எது வரைக்கும் எடுக்கலாம்னு தெரிஞ்சிக்க வேணாமா?” என்றாள்.

மூன்றாம் வருடத்தில் சென்னையில் ஒரு இசை நிறுவனம் மாணவர்களுக்குப் போட்டி வைத்தது. ஒரு பாட்டு, நாலு நிமிட வீடியோ. முதலாவதாக வருகிறவருக்கு அங்கேயே ஒரு வருடம் உதவி இயக்குநர் வேலை. எனக்கு அது வந்தால் வரட்டும், போனால் போகட்டும். இளவரசிக்கு அப்படி இல்லை. படிப்பு முடிவதற்குள் சினிமா வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் பில் போடும் வேலை தயார் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். சொன்னது மட்டுமில்லை, கடையில் பேசியும் வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தெரியாத ஊரில் தெரியாத வேலைக்கு மகளை அனுப்ப அவருக்கு ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

அவள் இயக்குநர், நான் கேமரா, கிறிஸ்டோபர் இசை. முதல் நாளே தகராறு. கிறிஸ்டோபர் ஒரு தாளத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருந்தான். கேட்டால் கால் தானாக ஆடும்.

“யார்து இது?” என்று கேட்டாள்.

“நெட்ல ஃப்ரீயா இருந்துச்சு.”

“ஃப்ரீன்னு யார் சொன்னாங்க, போட்டவனா, எடுத்தவனா?”

அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவனைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவன் மைக்கை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. மிதி விழுகிற சத்தம், நாடா ஓடுகிற சத்தம், அச்சு அடிக்கிற சத்தம். அதிலிருந்து அவன் கட்டிய தாளத்தைக் கேட்டபோது என் முதுகுத்தண்டு சிலிர்த்தது. திருட்டுத் தாளம் அதன் கால்தூசிக்குப் பெறாது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்தேன். ஏறுகிற தலை இல்லை அது என்று இப்போது தெரியும்.

அடுத்து டிரோன். கேட்டேன், அனுமதி வாங்காமல் கூடாது என்றாள். அனுமதிக்கு நாள் போதாது. மொட்டை மாடியில் மூங்கில் கட்டி அதில் கேமராவைத் தொங்கவிட்டேன். கை கடுத்தது. வாயில் வந்ததையெல்லாம் முணுமுணுத்தேன்.

அதற்கப்புறம் ஒப்புதல் படிவம். படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படிவம் கொடுத்திருந்தார்கள். இவள் மட்டும் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள். ‘படம் வெளியாகும் வரை நான் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.’

“இது நம்ம கழுத்துக்கு நாமளே கயிறு போட்டுக்கற மாதிரி” என்றேன்.

“அவங்க கழுத்துல போடறதுக்கு இது மேல்” என்று சொல்லி, ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் இயக்குநர் என்று போட்டுத் தானும் கையெழுத்து வைத்தாள்.

படத்தின் உயிர் ஒரே ஷாட். தெருவில் பாவு விரிப்பது. சேலையின் நீளவாட்டு இழைகளைத்தான் பாவு என்கிறார்கள். மூன்று சேலைக்கான இழைகள் ஒரே கட்டாக வரும். தறியில் ஏற்றுமுன் அதைத் தெருவில் நீட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததைக் கண்டுபிடித்துப் பிணைப்பார்கள். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு ஏது இடம்? மழைக்காலம் வந்துவிட்டால் அதுவும் முடியாது. ஐப்பசி பிறந்து, மழை இன்னும் பிடிக்காத ஒரு வெள்ளிக்கிழமை, சிவராஜ் என்ற நெசவாளர் தன் பாவை விரிக்கப்போவதாகச் சேதி வந்தது. விடியுமுன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அதை நான் எப்படிச் சொல்வது? நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவன் நான். விளைந்த வயல்மேல் வெயில் விழுவதைவிட அழகானது உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். அன்று மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் பாவு தெருவின் அகலத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஏழெட்டு வீட்டு நீளத்துக்கு விரிந்தது. இரண்டு பக்கமும் இருபது பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, அவரவர் வீட்டிலிருந்து வந்து நின்றுகொண்டார்கள். எதிரே பைக்கில் வந்த ஒருவர் எஞ்சினை நிறுத்தி, வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டே போனார். பால்காரர் முனையிலேயே நின்று குரல் கொடுத்தார். ஆயிரக்கணக்கான இழையின்மேல் முதல் வெயில் பட்டபோது தெரு மூச்சுவிடுவது போல இருந்தது. கேமராவை மறந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

சிவராஜ் அண்ணன் வீடு தெரு வளைகிற இடத்தில் இருக்கிறது. அதனால் நேராக இருக்கும் இடமாகப் பார்த்து, அதே தெருவில் நெய்கிற கமலவேணி அக்கா வீட்டு வாசலில் பாவின் தலைப்பு, அதாவது தலைமாடு, வந்தது. அங்கே சிவராஜ் அண்ணன் நின்றிருந்தார். ஃப்ரேமுக்கு அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இழை பிரித்துக்கொண்டிருந்த கமலவேணி அக்காவின் முகம் வெயிலில் ஜொலித்தது.

“அந்த அக்காவைத் தலைப்புல நிக்க வையேன். மூஞ்சிலேர்ந்து ஆரம்பிச்சு அப்டியே பாவு மேல போலாம்” என்றேன்.

இளவரசி ஒரு நிமிடம் யோசித்தாள். அப்புறம் போய்க் கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே இடம் மாறி நின்றார். இருபத்திரண்டு நொடி. ஒரே டேக். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் எடுத்ததில்லை. அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பத்து நாள் பெய்தது.

கையெழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும் படத்தை முதலில் காட்ட வேண்டும் என்பது அவள் வைத்த இன்னொரு விதி. எல்லோருக்கும் போனில் அனுப்பினாள். போட்டிக்கு அனுப்ப இரண்டே நாள் இருந்தபோது, கமலவேணி அக்கா குடையோடு அவள் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். அக்கா கையில் அந்தப் படிவம்.

“நீ தப்பா எடுக்கலமா. அழகாத்தான் இருக்குது. எங்கூட்டுக்காரரே ரெண்டு தபா பாத்தாரு. ஆனா தலமாட்டுல நான் நிக்கறனே. பாக்கறவன் இன்னா சொல்வான்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இளவரசிக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போனது. பாவின் தலைமாட்டில் நிற்பவர் பாவுக்குச் சொந்தக்காரர், மற்றவர்கள் கை கொடுக்க வந்தவர்கள். அந்தத் தெருவில் குழந்தைக்கும் இது தெரியும். கமலவேணி அக்கா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். சங்கம் கொடுக்கும் பாவை மட்டும்தான் நெய்ய வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. சிவராஜ் அண்ணன் நெய்வதோ தனி முதலாளியின் பாவு. படத்தைப் பார்க்கிறவன், கமலவேணி சங்கத்தை ஏமாற்றி வெளிப் பாவு ஏற்றுகிறாள் என்றுதான் சொல்வான்.

“மூஞ்சிய மறைச்சிடலாம்” என்றேன்.

“வாசல் தெரியுதே” என்றாள் இளவரசி.

“சிவராஜ் அண்ணன் பாவுன்னு கீழ ஒரு வரி போட்டுக்கலாம்.”

“பாட்டு பாக்கறவன் வரி படிப்பானா?”

பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னாள். “எனக்குத் தெரியும்கா. தெரிஞ்சேதான் நிக்க வச்சேன். ஃப்ரேம் நல்லா இருந்துச்சு, அதான். தப்பு என்னுது.”

அக்கா முன்னாலேயே கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஷாட்டை நீக்கினாள். அந்த இடத்தில் படம் வெட்டுப்பட்டு நின்றது. அக்கா போன பிறகு என்னிடம், “உன்கிட்ட இருக்கறதையும் அழிச்சிடு சரத்” என்றாள். சரி என்றேன். அழிக்கவில்லை.

நடுவில் வீட்டுக்குள் எடுத்த துண்டுகளை வைத்து ஒட்டுப்போட்டு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. நாங்கள் இல்லை. நடுவர்கள் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். தாளம் பிரமாதம், ஆனால் பாட்டின் நடுவில் படத்துக்கு உயிர் போய்விடுகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த உயிர் என் லேப்டாப்பில் இருந்தது.

தேர்வு முடிந்ததும் இளவரசி கடைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மேஜை. அந்த ஷாட்டைச் சேர்த்து நானே முழுப் பாட்டையும் வெட்டி வைத்திருந்தேன். மேஜைமேல் வைத்து ஓடவிட்டேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. முழுவதும் பார்த்தாள். பாவு விரிகிற இடத்தில் அவள் விரல் மேஜையில் தாளம் போட்டது. முடிந்தபோது கண் நிறைந்திருந்தது.

“இவ்ளோ நல்லாவா வந்துச்சு” என்றாள்.

இதுதான் சமயம் என்று கடகடவென்று சொன்னேன். நாமே இணையத்தில் போடலாம், அந்த நிறுவனத்துக்கு லிங்க் அனுப்பலாம், பார்த்தால் கூப்பிடுவார்கள், உன் அப்பாவுக்கும் சாட்சி கிடைத்துவிடும். கமலவேணி அக்கா அதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறார்?

“அந்தப் பேப்பர்ல என் கையெழுத்தும் இருக்குது பா” என்றாள். குரலில் கோபமே இல்லை.

ஃபைலைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைக்கூடையையும் திறந்து காலி செய்தாள். தான் எடுத்ததிலேயே நல்லதை, தன் கையால், இரண்டு சொடுக்கில். கேட்பாரில்லை, பிடிப்பாரில்லை, மதிப்பெண் போடுவாரில்லை. மூன்று வருடம் நான் கேலி செய்த பெண்ணைப் பார்த்து அன்று எனக்கு மலைப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

“வேற காப்பி வச்சிருக்கியா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கக்கூட இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்து, “இத நீ பண்ணு” என்றாள்.

நான்தான் அழித்தேன்.