முந்திரிக்கொத்தும் என் உதட்டுக் கொப்புளமும்

என் மருமகள்மீது வீண்பழி விழ விட்டவன் நான்.

கிறிஸ்துமஸுக்குச் சுட்ட பாசிப்பயறு பலகாரமான முந்திரிக்கொத்து கல்லாக இறுகியிருந்தது. மூன்று வயதுப் பேத்திக்கு அதை என் பல்லால் கடித்துத் துண்டாக்கி ஊட்டினேன். அப்போது என் உதட்டோரம் கொப்புளங்கள் இருந்தன. சில நாட்களில் அவளுக்குக் காய்ச்சல். உதடு, ஈறெல்லாம் கொப்புளம். தண்ணீர்கூட இறங்கவில்லை.

“கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயி கண்ட ஐசையும் வாங்கிக் குடுத்திருக்கா,” என்று என் மனைவி மருமகளைத் திட்டினாள்.

மருத்துவர், “இது ஒட்டுவாரொட்டி. வீட்ல யாருக்காவது உதட்டுல கொப்புளம் வந்துதா?” என்றார். மருமகள் பயந்துபோய்த் தன் உதட்டைத் தடவிப் பார்த்தாள். அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான் வாயைத் திறக்கவில்லை.

பேத்தியின் பிஞ்சுக் கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏறியபோது தாங்க முடியவில்லை. மனைவியின் முன்னாலேயே மருமகளிடம் சொன்னேன்: “எனக்குத்தான் இருந்துது. நான் கடிச்சுக் குடுத்ததுல வந்தது. மன்னிச்சிரு மக்ளே.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா மாமா,” என்றாள். பிறகு ஆறிய கஞ்சித்தண்ணீரை என்னிடம் நீட்டினாள். “ஸ்பூன்ல குடுங்க. வாயால ஊதாண்டாம்.”

பேத்தி தேறிவிட்டாள். இப்போதெல்லாம் முந்திரிக்கொத்தை உரலில் தட்டித்தான் கொடுக்கிறேன். முத்தம் கேட்டால் அவள் என் உதட்டை விரலால் இழுத்துப் பார்த்து, “ஒண்ணும் இல்ல தாத்தா, தரலாம்,” என்கிறாள்.