கசிவு இருக்கக் கூடாது என்று கேட்ட துஆ

என் கணவரின் ஈரலில் கட்டி இருக்கிறது, ஒரு பங்கை வெட்டி எடுக்க வேண்டும் என்று டொக்டர்மார் சொன்னது போன நோன்புக்கு இரண்டு மாதம் முன்னால். மடவளையில் எங்களுக்குச் சின்னத் துணிக்கடை. எதற்கும் வாய் காட்டுகிறவள் நான்.

ஒபரேஷனுக்கு முதல் நாள் பெரிய டொக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். என் தலையில் நின்றது ஒன்றுதான். வெட்டிய இடத்தில் பித்தம் கசியலாம். அது வயிற்றுக்குள் தேங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே தங்கச்சி பரீதாவுக்குப் போன் எடுத்தேன்.

"கசிவு ஒண்ணும் ஈக்கப்படாது. அந்த நிய்யத்த மனசுல வெச்சே எல்லாரும் யாசீன் ஓதுங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகை நேரமும் தாண்டியது. ஒபரேஷன் தியேட்டர் வாசலில் நான் தஸ்பீஹ் மணியும் கையுமாக நின்றேன். யாழ்ப்பாணத்துச் சின்ன டொக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"கொஞ்சம் சுணங்கும் அம்மா. கசிவு ஒண்டு இருக்கு, கண்டுபிடிச்சிட்டம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சிரித்தார்!

"ஏன் மகன் சிரிக்கிறீங்க? எங்கட மனுசன் மௌத்தாகப் போறாரு, ஒங்களுக்குச் சிரிப்பா?"

பாவம், அந்தப் பிள்ளை பயந்து உள்ளே போய்விட்டது.

யா அல்லாஹ், என்ன பிழை விட்டேன்? கைகால் கழுவி எடுத்த என் வுழூ சரியில்லையா? இத்தனை பேர் ஓதியும் நீ கேட்கவில்லையா? ஒன்றுமே விளங்கவில்லை. மறுபடியும் போன் எடுத்தேன்.

"ராத்தா, இப்ப நாங்க எந்த நிய்யத்துல ஓதுற?" என்று பரீதா அழுதாள்.

"எனக்கென்ன தெரியும்? சும்மா ஓதுங்க!" என்று அவளையும் ஏசினேன்.

அந்த டொக்டர் திரும்பி வந்தார். என்னைக் கதிரையில் உட்கார வைத்தார்.

"வெட்டின இடத்தில வெள்ளைத் துணியை ஒத்திப் பாத்தம் அம்மா. மஞ்சள் கறை பிடிக்கேல்லை. சரியெண்டு நாங்கள் நினைச்சம். பெரியவருக்குத்தான் மனம் கேக்கேல்லை. பால் மாதிரி ஒரு மருந்தைப் பித்தக் குழாய்க்குள்ள விட்டுப் பாத்தவர். ஒரு இடத்தில வெள்ளையாக் கசிஞ்சுது. அதைத் தைச்சாச்சு. திரும்பவும் விட்டுப் பாத்தம், இப்ப இல்லை."

"தெரியாம மூடியிருந்தா?"

"அதுதான் அம்மா ஆபத்து. அதாலதான் சிரிச்சனான்."

அப்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. அழுகை மட்டும் வந்தது. கறை இல்லை என்று மற்றவர்கள் சொன்ன பிறகும் அந்தப் பெரிய டொக்டரின் மனதில் சந்தேகத்தைப் போட்டது யார்? நான் அப்படி ஒரு துஆ கேட்கவே இல்லையே. கேட்கத் தெரியாததையும் அல்லாஹ் தந்தான்.

மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தோம். துஆவில் அல்லாஹ்வுக்கு அளவெடுத்துக் கொடுப்பதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். "எது நல்லதோ அதைக் காட்டு" என்று மட்டும் கேட்கிறேன். சகோதரிகளே, நீங்கள் கேட்டதற்கு மாறாகப் பதில் வந்தாலும் ஏந்திய கையை இறக்கிவிடாதீர்கள். என்னைப் போல டொக்டருக்கு ஏசவும் வேண்டாம்.

இதை எழுதும்போதே, குடிக்கப் பிளேன்டி எங்கே என்று அவர் உள்ளிருந்து கத்துகிறார். முன்பென்றால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அல்ஹம்துலில்லாஹ், கத்துவதற்கு ஆள் இருக்கிறார்.