கைராசிக்காரர் பிடுங்கிய மூன்றாவது பல்

ஊரே அவரைக் கைராசிக்காரர் என்றுதான் சொல்லும். ஒரு பல் டாக்டர் அப்படிப் பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? வலிக்கிறது என்று வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பேருக்கு ஒரே ஒரு இடைஞ்சல், கூடப்பிறந்த தங்கச்சி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மேல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தவர் இவர்தான். எக்ஸ்ரேயில் பார்த்தால் வேருக்குள் ஓடும் கால்வாய் மூன்றும் நுனிவரை மருந்தால் வெள்ளையாக அடைபட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. வலி மட்டும் போகவில்லை. தன் வேலையில் குறை இருக்கும் என்று கைராசிக்காரருக்கு எப்படித் தோன்றும்? அதற்கு முன்னால் இருந்த பல்லின் மேல் பழியைப் போட்டுப் பிடுங்கினார். பிறகு பின்னால் இருந்ததையும் பிடுங்கினார். அப்போதும் வலித்தது.

"பல்லுல ஒண்ணுமில்லம்மா, எல்லாம் உன் மனசுலதான்" என்று கையைக் கழுவிவிட்டார்.

டாக்டரே சொன்ன பிறகு வீட்டில் கேட்கவா வேண்டும்? அவருடைய மனைவி நாத்தனாருக்கு 'வலி மகாராணி' என்று பேர் வைத்தாள். சாப்பிட முடியவில்லை என்று தங்கச்சி சொன்னால், அவள் புருஷன்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். கடைசியில் மனநல டாக்டரைப் பார்க்க நாளும் குறித்தாகிவிட்டது. நமக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது என்று அவளே பாதி நம்பிவிட்டாள், பாவம்.

இந்தச் சமயத்தில்தான் கைராசிக்காரர் பல் டாக்டர்களுக்கான தொடர்கல்வி வகுப்புக்குப் போனார். படிப்பதற்காக ஒன்றும் இல்லை, லைசென்ஸ் புதுப்பிக்க அங்கே தரும் புள்ளி வேண்டும். குளிரூட்டிய கூடத்தில் கடைசி வரிசையில், பிஸ்கட் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாடம் எடுத்தவள் அவர் மகள் வயசுப் பெண்.

அவள் திரையில் ஒரு எக்ஸ்ரேயைப் போட்டாள். மூன்று கால்வாயும் அழகாக அடைபட்டிருந்தன. அடுத்து அதே பல்லின் முப்பரிமாண ஸ்கேன். முன்வேருக்குள் நாலாவதாக ஒரு கால்வாய், அடைபடாமல் கறுப்பாகத் தெரிந்தது.

"நேரா எடுத்த படத்துல இது இன்னொண்ணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். உள்ள அழுகிட்டே இருக்கும். இந்தம்மா எத்தனையோ டாக்டரைப் பார்த்தாச்சு, எல்லாரும் மனசுன்னுட்டாங்க" என்றாள்.

"எந்த மகானுபாவன் பார்த்த வேலையோ" என்று பக்கத்து டாக்டர் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்துவைத்தார். கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"ஸ்கேன் வசதி இல்லன்னா எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ச்சு இன்னொரு படம் எடுங்க, சார். அடைச்சது வேர் நடுவுல இல்லாம ஓரமா ஒதுங்கித் தெரிஞ்சா, கூட ஒண்ணு இருக்குன்னு சந்தேகப்படணும். திரும்பத் திறந்து சுத்தம் பண்ணினா பல்லே பிழைச்சுக்கும்."

மறுநாளே தங்கச்சியைக் கூப்பிட்டனுப்பினார். குழாயைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார். வெள்ளைக் கோடு ஓரமாக ஒதுங்கி நின்றது.

"ஏதாச்சும் தெரியுதாண்ணா?" நாற்காலியில் படுத்தபடியே கேட்டாள்.

அடப்பாவி மனுஷா, வாயைத் திறந்து சொன்னால் போதாதா? பல்லும் பிழைக்கும், அவள் சொன்னதெல்லாம் நிஜம் என்றும் ஆகும். ஆனால் பிடுங்கிய இரண்டு நல்ல பல்லுக்கு யார் பதில் சொல்வது? மாப்பிள்ளை கேட்பார், ஊர் கேட்கும்.

"ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்று படத்தை அழித்தார். "உனக்கு ஒரு திருப்தி வேணுமேன்னு இந்தப் பல்லையும் எடுத்துடறேன்."

எடுத்தார். புண் ஆறியதும் வலி அடியோடு நின்றது.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது, அவள் அந்தப் பக்கம் வைத்து மெல்ல ஆரம்பித்திருந்தாள், மெல்லப் பல்தான் இல்லை.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, நான் எடுத்தது நல்ல பல்லு. எடுத்தாச்சுங்கற நம்பிக்கையிலயே வலி போயிடுச்சு. அப்பவே சொன்னேனே, மனசுதான்னு."

புருஷன்காரர் தலையாட்டினார். "அப்ப அந்த மனநல டாக்டரை அவசியம் பார்த்துடணும்."

தங்கச்சி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு வருஷமா உங்களையெல்லாம் படுத்தி எடுத்துட்டேன்ணா. மன்னிச்சிடுங்க. நானே போய்க் காட்டிக்கறேன்."

"சேச்சே, தனியா எதுக்கு?" என்றார் கைராசிக்காரர். "துணைக்கு நானும் வரேன்."