எனக்காக விட்டுக்கொடுத்த முதல் கூட்டு

மலாக்காவின் காஜா பேராங்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் தினமும் காலையில் பிள்ளையாரிடம் மலாயில் பேசுகிறார்கள். வீட்டுக்கார அம்மா, இந்த ஊர் வழக்கில் மக் லெட்சுமி, சாரோங்கும் கெபாயா மேல்சட்டையும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மணியடித்துக் கற்பூரம் காட்டி, அன்றைய தேவைகளை ஒவ்வொன்றாக மலாயில் சொல்வார். 'அப்பனே' என்ற ஒரு சொல் கூட இடையில் வராது. வந்த புதிதில், அந்தத் திருநீற்றைக் கண்ட தைரியத்தில், "குளிக்க வெந்நீர் கிடைக்குமாம்மா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் ஒரு தட்டு சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். நான் குளிக்காமலே சாப்பிட்டேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள், செட்டி என்றதும் வட்டிக்கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலாக்காவின் செட்டிகள் வேறு. எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, தமிழைக் கைவிட்டுச் சாமியைக் கைவிடாமல் வாழ்கிறவர்கள். மக் லெட்சுமி விதவை. பலகாரம் சுட்டு விற்றுத்தான் பிழைப்பு. பூஜை முடிந்த கையோடு முதல் நாள் விற்ற காசை மூன்று பிஸ்கட் டின்களில் பிரித்துப் போடுவார். ஒன்று அரிசிக்கு, ஒன்று கோயிலுக்கு, ஒன்று 'கூட்டு' என்று இங்கே சொல்லும் சீட்டுக்கு. மிஞ்சினால்தான் செலவு. கடன் என்ற பேச்சை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்.

என் கடன் கப்பல் ஏறும்போதே தொடங்கியது. நுழைவுச் சட்டம் இறுகுவதற்குக் கொஞ்சம் முன்னால், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற எனக்குக் கையில் காசில்லை. என் அக்கா சிவகாமி, அத்தானுக்குத் தெரியாமல் தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள். அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முட்டை விற்ற காசில் வருடா வருடம் வட்டி கட்டி நகையைத் திருப்பி வைப்பாள். ஒரு வருடத்தில் மீட்டுத் தருகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். நாலு வருடம் ஓடிவிட்டது.

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மொத்த மளிகைக் கடையில் எனக்குக் கிராணி வேலை. ஊரார் வரவு செலவையெல்லாம் முத்து முத்தாக எழுதுவேன். என் வரவு செலவு மட்டும் காப்பிக்கடைக்காரர் வைத்திருந்த சின்னக் கடன் புத்தகத்தில், அவர் கையெழுத்தில் இருந்தது. ரொட்டி, காப்பி, சிகரெட் எல்லாம் அதில் ஏறும். தையல்காரரிடம் ஒரு பாக்கி, செருப்புக் கடையில் ஒரு பாக்கி. என்னோடு வேலை பார்த்த ராமையா இங்கேயே பிறந்தவன், நல்லவன். கடை வாசலில் நான் தயங்கி நின்றாலே, "எடுங்கண்ணே, ஊத்தாங்ல எடுத்துக்கலாம்லா, காஜி வந்ததும் பாயார் பண்ணிடுங்க" என்பான். கடனுக்கு எடுங்கள், சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம் என்பதை மலாய் கலந்து அப்படிச் சொல்வான். சம்பள நாளன்று கடன் கொடுத்த எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிட்டு மறுநாளே புதுப் பாக்கி வைப்பேன். அப்படி அலைந்து கொடுத்ததையே பெரிய நாணயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெர்டேக்கா வருடம், அதாவது இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், ஆடி மாதத்தில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. தையில் அத்தானின் தங்கைக்குக் கல்யாணம். மணப்பெண் அந்த இரட்டை வடச் சங்கிலியைப் போட்டுக்கொண்டுதான் மணவறையில் உட்காருவாள் என்று அத்தான் சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார். 'ஐப்பசியில் வட்டிக் கெடு. அதற்குள் மீட்டுவிட்டால் நான் தப்பித்தேன் தம்பி' என்று பென்சிலில் எழுதியிருந்தாள்.

மக் லெட்சுமியிடம் போய், தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக் கூட்டு பிடிப்பவர். ஆளுக்கு மாதம் பதினைந்து வெள்ளி, மாதம் ஒருவருக்கு மொத்தப் பணம். நம் ஊர் ஏலச் சீட்டு மாதிரி, அவசரக்காரன் தள்ளிக் கேட்டு நஷ்டப்படும் வழக்கம் அங்கே இல்லை. குலுக்கலில் வந்த வரிசைப்படி எடுப்பார்கள். யாருக்காவது முட்டுப்பாடு என்றால், வரிசையில் முன்னால் இருப்பவர் வாயால் சொல்லி விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு பைசா பிடித்தம் கிடையாது. அந்த மாதம் தொடங்கிய புதுக் கூட்டில் நானும் ஒருவனாகச் சேர்ந்தேன்; முதல் கூட்டு, பக்கத்து வீட்டு மக் கமலாவுக்கு விழுந்தது. அவர் வீட்டு அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலத்துக்கு முன் மாற்றுவதற்காகவே அவர் கூட்டில் சேர்ந்திருந்தார்.

குலுக்கலுக்குக் கூடியிருந்த பெண்களிடம் மக் லெட்சுமி என் கதையை எடுத்துச் சொன்னார். அக்கா, சங்கிலி, கல்யாணம் என்று அவர் மலாயில் சொல்லச் சொல்ல, அந்தப் பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மக் கமலா பணத்தை எண்ணாமல் என் பக்கம் நகர்த்தினார். "அம்பெல்லா. காக்கா பூஞா ராந்தாய் டூலு" என்றார். எடுத்துக்கொள், அக்காவின் சங்கிலி முதலில் என்று அர்த்தம். நூற்றெண்பது வெள்ளியையும் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதனால்தான் அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் பணம் அனுப்பத்தான் கிளம்பினேன். வழியில் தையல்காரர் பிடித்துக்கொண்டார். ஊரே சுதந்திரத்துக்குப் புதுசு தைக்கிறது, பழைய பாக்கியைத் தீருங்கள் என்றார். தீர்த்தேன். தீர்த்த மிதப்பில் ஒரு கோட்டுக்கும் அளவு கொடுத்தேன். அடுத்தது காப்பிக்கடை. மூன்றாவது, கைக்கடிகாரம். எங்கள் தெருவில் கிராணி என்று பேர் வைத்திருந்த அத்தனை பேர் கையிலும் கடிகாரம் இருந்தது. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இரண்டு சம்பளத்தில் இதை நிரப்பிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். முதல் கூட்டை எடுத்தவன் இனி பதினோரு மாதம் பதினைந்து பதினைந்தாகக் கட்ட வேண்டும் என்பது, ஊருக்கெல்லாம் கணக்கு எழுதும் இந்த மேதைக்கு உறைக்கவில்லை.

அதோடு விட்டேனா? கோட்டும் கடிகாரமுமாக ஸ்டூடியோவில் நின்று, இடது கையை நாற்காலி முதுகில் கடிகாரம் தெரிகிற மாதிரி வைத்து, ஒரு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இங்கே இருக்கும் நாம் எல்லோரும் செய்கிற காரியம்தானே இது. பணம் அனுப்ப முடியாத மாதம் போட்டோ அனுப்புவோம். 'சீக்கிரம் முழுத் தொகையும் வரும், கவலை வேண்டாம்' என்று பின்பக்கத்தில் எழுதினேன்.

அக்கா நம்பிவிட்டாள். வட்டிக்கென்று சேர்த்து வைத்திருந்த காசை, இனி எதற்கு வட்டி, மொத்தமாக மீட்கத்தானே போகிறோம் என்று செலவழித்துவிட்டாள். எதற்குச் செலவழித்தாள் என்பது, ஊரிலிருந்து வந்த ஒருவர் என் கையில் ஒரு ஜாடியைக் கொடுத்தபோது தெரிந்தது. நாரத்தங்காய் ஊறுகாய், வடகம், ஒரு புது வேட்டி. அதோடு, 'போட்டோவில் இளைத்திருக்கிறாய்' என்று ஒரு சீட்டு. அப்போது கையில் என்னிடம் ஒன்பது வெள்ளி இருந்தது. கெடு தாண்டியது. நகை அடகுக்கடையிலேயே மூழ்கிப் போனது.

அத்தானிடம் அவள், குளத்தில் குளிக்கும்போது சங்கிலி நழுவிவிட்டது என்று சொன்னாளாம். மூன்று நாள் ஆள் விட்டுக் குளத்தைத் துழாவியிருக்கிறார்கள். கரையில் நின்று அதை அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சங்கிலியைத் தொலைத்தவள் என்ற பேர் அந்தத் தெருவில் அவளுக்கு நிலைத்துவிட்டது. எனக்கு ஒரு வசவு கூட எழுதவில்லை. 'கோட்டும் வாச்சும் பார்த்து நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன், ஸ்டூடியோவில் கொடுப்பார்களாமே' என்று எழுதியிருந்தாள். ஆமாம், இரண்டும் ஸ்டூடியோக்காரருடையது என்று பதில் எழுதினேன். நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால் அந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

கூட்டுக்காரப் பெண்களிடமும் பொய்தான். சங்கிலி வந்துவிட்டதா என்று மக் கமலா கேட்டபோது "சூடா" என்றேன். வந்தாயிற்று என்று அர்த்தம். அவர் கைகூப்பி மாரியம்மனுக்கு நன்றி சொன்னார். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் வீட்டில் பானை, அண்டா, குவளை என்று கிடைத்ததையெல்லாம் ஒழுகும் இடத்தில் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து நான் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டேன். ஒரு நாள் பகல் மழையில், அவர் தன் மெத்தையை எங்கள் வீட்டில் உலர்த்தக் கொண்டுவந்தார். மெத்தையின் ஒரு பக்கத்தை நான் பிடித்துத் தூக்கினேன். நீர் கனத்தில் அது என் கையை விட்டு நழுவியது. அங்கேயே உட்கார்ந்து, இரண்டு பெண்களிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

என் மலாய் அரைகுறை. கோட்டுக்கும் கடிகாரத்துக்கும் சொல் இருந்தது, வெட்கத்துக்கு இல்லை. ஆனாலும் அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. மக் கமலா மெத்தையை விரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மக் லெட்சுமி மட்டும் உள்ளே போய் நாலாவது டின் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, "இது உன் அக்காவுக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கடிகாரத்தைப் பாதி விலைக்கு ராமையாவின் மச்சானிடம் விற்று, அந்தப் பணத்தில் மக் கமலா வீட்டுக்கு அத்தாப்பு வாங்கிப் போட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அதுதான் நியாயம். காப்பிக்கடைப் புத்தகத்தில் என் பக்கத்தை மூடச் சொல்லி, கையில் காசு இருந்தால் மட்டுமே காப்பி என்று வைத்தேன். முதல் மாதம் காப்பியில்லாத தலைவலியில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். சம்பளம் வாங்கியதும் வேறெங்கும் திரும்பாமல் நேரே வீட்டுக்கு நடப்பேன். டின்களில் போட்ட பிறகுதான் சட்டையைக் கழற்றுவேன். சின்னக் கடனை முதலில் அடைத்தேன், பிறகு பெரியதை. அடுத்த இரண்டு கூட்டுகளிலும் கடைசி முறையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசியாக எடுப்பவன் எல்லோரையும் நம்பி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். என்னை அவர்கள் நம்பியதற்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இந்த வருடம் ஊருக்குப் போனேன். இங்கேயே பத்தரிடம் செய்த இரட்டை வடச் சங்கிலியை அக்கா கையில் கொடுத்தேன். அத்தான் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். "பாரு சிவகாமி, நீ தொலைச்சுட்டு வந்து நின்னே. உன் தம்பி மலேயாவுல ரத்தத்தைச் சிந்தி வாங்கிட்டு வந்திருக்கான். இவன்ல மனுசன்!" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அக்கா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்தக் கடனை அடைத்தேன், யார் பேரில் அடைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

மத்தியானம் அவள் எனக்குச் சோறு போட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கடிகாரம் ஸ்டூடியோவுடையது இல்லை அக்கா, பணம் என் கையில் இருந்தது அக்கா என்று சொல்லத்தான் கப்பலில் ஆறு நாளும் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். தமிழில் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. குழம்பு ஊற்றக் குனிந்தவளிடம், "மின்தா மாஃப், காக்கா" என்றேன். மன்னித்துவிடு அக்கா என்று மலாயில் வந்துவிட்டது.

"என்னடா பாஷை அது?" என்று சிரித்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. குழம்பு நல்லாருக்குன்னு அந்த ஊர்ல இப்பிடித்தான் சொல்லுவாங்க."

அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். நான் திரும்பி வந்த பிறகு வந்த முதல் கடிதத்தில், தான் வைத்த குழம்பை அத்தான் பாராட்டினால் இப்போதெல்லாம் அவரை அந்த 'மின்தா மாஃப்' என்ற வார்த்தையைத்தான் சொல்லச் சொல்வதாக எழுதியிருந்தாள்.